சின்ன மீன்பிடிப் படகில் பேட்டரியை இடம் மாற்றுவது: அளவெடுப்பதிலிருந்து கேபிள் இழுப்பது வரை முழுமையான வழிகாட்டி

கொஞ்ச நாள் தண்ணீரிலேயே கிடந்த படகைக் கரையேற்றியதும் பக்கவாட்டில் நின்று பாருங்கள், அடிப்பகுதியில் பாசியும் அழுக்கும் சேர்ந்து ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தாழ்ந்து தொடங்கி, பின்பக்கம் போகப் போக மேலே ஏறினால் படகு பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். என் படகில் அந்த ஏற்றம் நாலு விரல்கடை இருந்தது. பின்பலகையில் மோட்டார், அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் டேங்க், டேங்கை ஒட்டி மூன்று பேட்டரி, எல்லாவற்றுக்கும் மேல் ஓட்டுகிற நான். பின்னே குந்தாமல் என்ன செய்யும்?

இந்தப் பட்டியலில் மோட்டாரை நகர்த்த முடியாது, ஓட்டுகிறவரையும் பெரிதாக நகர்த்த முடியாது, டேங்கின் எடையோ ஓட ஓடக் குறைந்துகொண்டே வரும். பேட்டரி ஒன்றுதான் காலையில் எவ்வளவு கனமோ மாலையிலும் அவ்வளவே கனமாக, வைத்த இடத்தில் இருக்கும். அதனால்தான் சின்னப் படகில் எடையைச் சமன் செய்ய வேண்டும் என்றால் எல்லோரும் பேட்டரியில் கை வைக்கிறோம். ஆனால் பலரும் (நானும்தான்) செய்கிற தவறு ஒன்று உண்டு. பின்னால் கனம் அதிகம் என்றதும் பேட்டரியைத் தூக்கி ஒரேயடியாக அணியத்தின் மூக்கில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் மூக்கில் இல்லை, படகின் நடுவுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. அது எந்த இடம் என்பதைத் துளை போடுவதற்கு முன்பே தண்ணீர் கேன்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்பேனரை எடுக்கும் முன்: குற்றவாளி பேட்டரிதானா?

பின்பக்கம் தாழ்வதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றை முதலில் கழித்துவிடுங்கள். பழைய படகுகளில் தரைப் பலகைக்கு அடியில் இருக்கும் மிதவை ஃபோம் வருடக்கணக்கில் நீரை உறிஞ்சி ஊறிப்போயிருக்கும், அது வெளியே தெரியவே தெரியாது. ட்ரெய்லரில் படகு பின்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்து, வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு ஒரு இரவு விடுங்கள். மழையே பெய்யாதபோதும் காலையில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தால் பேட்டரியை மறந்துவிட்டு ஃபோமைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஐம்பது லிட்டர் உள்ளே தேங்கியிருந்தால் இரண்டு பேட்டரியைக் கூடுதலாகச் சுமக்கிறீர்கள் என்று கணக்கு.

அடுத்தது மோட்டாரின் சாய்வு. சின்ன அவுட்போர்டுகளில் (பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் மோட்டார்களில்) கோணத்தை வைக்க ஒரு கம்பி ஆணி இருக்கும், அதற்கு நாலைந்து துளைகள். அது வெளிப்பக்கத் துளையில் கிடந்தால் மோட்டார் பின்பக்கத்தைக் கீழே அழுத்தி அணியத்தைத் தூக்கும், வேகம் எடுத்ததும் படகு குதிரை மாதிரி குதிக்கும். ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சில சமயம் கதை அங்கேயே முடிந்துவிடும், செலவே இல்லாமல்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஓடும்போது மட்டும் அணியம் தூக்கினால் அதில் மோட்டார் கோணத்துக்கும் பங்கு இருக்கும். கட்டிப்போட்டு நிற்கும்போதே பின்பலகைக்கு மேல் தண்ணீர் தளும்புகிறது, தரையில் இருக்கும் தானியங்கி வடிகால் துளை வழியே தண்ணீர் உள்ளே வருகிறது என்றால் அது சுத்தமாக எடைப் பிரச்சினை.

கணக்கு சின்னதுதான், போட்டுவிடுங்கள்

எடையை நகர்த்தும்போது கிடைக்கும் பலன் எடை பெருக்கல் தூரம், அவ்வளவுதான். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். 25 கிலோ பேட்டரி இரண்டை 2 மீட்டர் முன்னே கொண்டுபோனால் 50 × 2 = 100 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கியது, சாலைத் தூரம் இல்லை). படகு, மோட்டார், ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து மொத்தம் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 500-ஆல் வகுத்தால் 0.2. அதாவது மொத்தப் படகின் எடை மையம் 20 சென்டிமீட்டர் முன்னே போகிறது. காகிதத்தில் பார்த்தால் அற்பமாகத் தெரியும், நாலரை மீட்டர் படகில் அது நன்றாகவே உணர முடிகிற மாற்றம்.

இதையே ஆளை வைத்துப் பார்த்தால் 75 கிலோ மனிதர் ஒருவர் பின் இருக்கையிலிருந்து எழுந்து 1.3 மீட்டர் முன்னே போய் உட்கார்வதற்குச் சமம். ஆகவே உங்கள் நண்பரை முன்னே போய் உட்காரச் சொல்லி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். “அட, இப்போது நன்றாகப் போகிறதே” என்று தோன்றினால் பேட்டரி மாற்றுவது பலன் தரும். அவர் நகர்ந்தும் எந்த வித்தியாசமும் இல்லை என்றால் பேட்டரியும் எதையும் சாதிக்கப் போவதில்லை.

எந்த பேட்டரி நகரலாம், எது நகரக் கூடாது

அவுட்போர்டை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதை நாலு மீட்டர் தள்ளிக் கொண்டுபோனால் கேபிள் விரல் தடிமனில் இருக்க வேண்டும். 150 ஆம்பியர், போக நாலு மீட்டர் வர நாலு மீட்டர், 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்றால் கேபிளிலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். குளிர்ந்த காலையில், பாதி சார்ஜில், அந்த 0.8 வோல்ட் இல்லாமல் மோட்டார் “டக்” என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டு நிற்கும். வேறு வழியே இல்லாமல் அதையும் நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் மோட்டாரின் கையேட்டில் நீளத்துக்கு ஏற்ற கேபிள் தடிமன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதில் இருப்பதற்குக் குறைவாகப் போடாதீர்கள்.

நகர வேண்டியது ட்ரோலிங் மோட்டாருக்கான (மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின்மோட்டாருக்கான) பேட்டரிகள். ட்ரோலிங் மோட்டார் அணியத்தில் இருந்தால் இன்னும் நல்லது, பேட்டரி முன்னே வர வர அதன் கேபிள் குட்டையாகிறது, வோல்டேஜ் இழப்பும் குறைகிறது. பின்னாலிருந்து மெல்லிய கேபிளில் ஐந்து மீட்டர் இழுத்து வைத்திருந்தவர்கள், மாற்றிய பிறகு மோட்டாருக்குத் தெம்பு வந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். கற்பனை இல்லை, நிஜமாகவே மோட்டாருக்குக் கூடுதல் வோல்டேஜ் கிடைக்கிறது.

நடுவில் ஒரு விஷயம். ஈய-அமிலத்துக்குப் பதில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டால் அதே 100 ஆம்பியர்-மணிக்கு எடை 11 முதல் 13 கிலோதான். இரண்டு பேட்டரியில் 25 கிலோவுக்கு மேல் குறையும். எப்படியும் பேட்டரி மாற்றும் வயது வந்துவிட்டது என்றால் முதலில் லித்தியத்துக்கு மாறி, அதே இடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் இடமாற்றத்தை யோசியுங்கள். அதற்கேற்ற சார்ஜர் வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, மோட்டாரிலிருந்து நேராகச் சார்ஜ் ஏற்றலாமா என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும்.

இடம் பார்ப்பது

சரி, மூக்கில் ஏன் வேண்டாம்? அலையில் அதிகம் குதிப்பதும் விழுந்து அடிபடுவதும் அந்த இடம்தான். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு லேசாகத் தெரியும் அடி, அணியத்தில் இருக்கும் பேட்டரிக்குச் சம்மட்டி அடி. ஈய-அமில பேட்டரியின் தகடுகள் அந்த அதிர்வில் உதிர்ந்து ஆயுள் குறையும். ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய பேட்டரி) கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் அந்த அடி அடிதான்.

படகின் நடத்தையும் மாறும். இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். முதல் முறை இரண்டு பேட்டரியையும் முன் மேடைக்கு அடியில், போக முடிந்த கடைசி வரைக்கும் தள்ளி வைத்தேன். அமைதியான தண்ணீரில் அருமையாக ஓடியது, பாசிக் கோடு இனி நேராகிவிடும் என்று ஒரே சந்தோஷம். திரும்பி வரும்போது காற்று கிளம்பி அலை பின்னாலிருந்து வர ஆரம்பித்தது. ஒரு அலையின் முதுகிலிருந்து இறங்கும்போது அணியம் அடுத்த அலைக்குள் கத்தி மாதிரி குத்திக்கொண்டது, பின்பக்கம் இலேசாகி இடதுபுறமாகத் தள்ளிக்கொண்டு வந்தது, ஒரு கணம் படகு அலைக்குக் குறுக்கே நின்றது. கரைக்கு வந்து மேடையைத் திறந்தால், பலகையில் வெறும் மர ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்த ஒரு தட்டு பிடுங்கிக்கொண்டு பேட்டரி ஒருக்களித்துக் கிடந்தது. அடுத்த வாரமே ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாகப் பின்னே கொண்டுவந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் முதலில் நடு இருக்கைப் பலகைக்கு அடியிலோ ஸ்டியரிங் இருக்கும் கன்சோலுக்கு உள்ளேயோ இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது போதாது என்று சோதனையில் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் முன்னே போகலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எரிபொருள் டேங்க், அதன் குழாய், ஃபில்டர் இவற்றுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ பேட்டரி வரக் கூடாது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அது காற்றைவிட இலேசானது, மேலே போய் மூடிக்கு அடியில் தேங்கும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே மூடிய பெட்டிக்குள்ளோ மேடைக்குள்ளோ வைத்தால் காற்றுத் துளை அந்த இடத்தின் உச்சியில் இருக்க வேண்டும், அடியில் போட்டு பிரயோஜனம் இல்லை. தரையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் வைக்காதீர்கள், சில சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். இடம் போதவில்லை என்று மிதவை ஃபோமை அறுத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், படகு கவிழ்ந்தால் நீங்கள் பிடித்துத் தொங்கப் போவது அந்த ஃபோம் மிதக்க வைக்கும் படகைத்தான்.

தரைப் பலகை தாங்குமா என்பதும் கேள்வி. படகின் இரண்டு விலா எலும்புகளுக்கு (பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு) இடைப்பட்ட வெற்றுப் பலகையில் 25 கிலோவை வைத்துக் குதிக்க விட்டால் பலகை விரிசல் விடும். கையால் தட்டிப் பாருங்கள், சத்தம் கெட்டியாக வரும் இடத்தில் அடியில் விலா இருக்கிறது, அதன் மேல் வைக்கப் பாருங்கள்.

இடம் வலம் பற்றியும் ஒரு வார்த்தை. கையால் திருப்பும் மோட்டார் என்றால் ஓட்டுகிறவர் ஒரு பக்கம் ஒதுங்கித்தான் உட்காருவார். 75 கிலோ ஆள் நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம் என்றால் 37 கிலோ-மீட்டர், 25 கிலோ பேட்டரியை 60 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளினால் 15 கிலோ-மீட்டர் ஈடாகும். முழுசாக ஈடுகட்டாது, ஆனால் தனியாகப் போகும்போது அந்தச் சாய்வு நாற்பது சதவீதம் போலக் குறைவதே பெரிய நிம்மதி. எப்போதும் இரண்டு பேர் போவீர்கள் என்றால் நடுக்கோட்டிலேயே வைத்துவிடுங்கள்.

தண்ணீர் கேன் சோதனை

இந்த வேலைக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள். எனக்கு இதில் மிச்சமான துளைகளுக்குக் கணக்கே இல்லை.

முதலில் இப்போதுள்ள நிலையை அளந்து எழுதுங்கள். படகைத் தண்ணீரில் இறக்கி, வழக்கமாகப் போகும் ஆட்களை வழக்கமான இடத்தில் உட்கார வைத்து, டேங்கைப் பாதி நிரப்பி, அலையில்லாத இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் விளிம்பு வரை உயரத்தை நாலு இடத்தில் எடுக்க வேண்டும்: பின்பலகை அருகே இரு பக்கமும், முன்னால் இரு பக்கமும். அளந்த இடத்தில் விளிம்பில் காகித டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் முறை வேறு இடத்தில் அளந்துவிட்டு முன்னேற்றம் என்று நம்பிக்கொண்டிருப்போம்.

அப்புறம் ஒரு சுற்று ஓட்டி, நின்ற நிலையிலிருந்து முழு த்ராட்டில் கொடுத்து, படகு எழும்பித் தண்ணீரின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கும் வரை எத்தனை நொடி ஆகிறது என்று போனில் குறியுங்கள். அந்த நேரத்தில் அணியத்துக்கு அப்பால் உங்களுக்குத் தண்ணீர் தெரிகிறதா, இல்லை வானம் மட்டும் தெரிகிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ட்ரோலிங் பேட்டரிகளைக் கழற்றிக் கரையில் வையுங்கள். அவற்றின் எடைக்குச் சமமாகக் கேன்களில் தண்ணீர் பிடியுங்கள், 25 கிலோ பேட்டரிக்கு 25 லிட்டர். கழுத்து வரை நிரப்புங்கள், பாதி கேன் என்றால் உள்ளே தண்ணீர் ஓடியாடிச் சோதனையைக் கெடுக்கும். நினைத்திருக்கும் புதிய இடத்தில் வைத்து, ஸ்ட்ராப் போட்டு நகராமல் கட்டி, அதே நாலு அளவு, அதே ஓட்டம். பிறகு அரை மீட்டர் முன்னே, அரை மீட்டர் பின்னே நகர்த்தி மறுபடியும்.

அமைதியான தண்ணீரில் கிடைக்கும் நல்ல முடிவை நம்பி நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் அலை இருக்கும் நாளில் கரைக்குப் பக்கத்திலேயே, உயிர்காப்பு ஜாக்கெட்டோடு, அலை பின்னாலிருந்து வரும்படி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அணியம் முட்டிக்கொண்டு தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா, முன்னால் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் தெறித்து முகத்தில் அடிக்கிறதா? அப்படியென்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள், பின்னே வாருங்கள். நிற்கும்போது பின்பக்கம் ஒரு சொட்டுத் தாழ்ந்திருப்பது கோளாறு இல்லை, உள்ளே வரும் தண்ணீர் பின்னால் ஓடிவர அந்தச் சரிவு வேண்டும். வடிகாலும் இறைக்கும் பம்பும் அங்கேதானே இருக்கின்றன.

கழற்றுவது

எல்லா ஒயரையும் இரண்டு மூன்று கோணத்தில் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி “பம்ப்”, “மீன் காட்டி”, “சார்ஜர் 1” என்று எழுதிவிடுங்கள். சார்ஜரை அணைத்து, மெயின் சுவிட்சை அணைத்து, மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது இதற்கு நேர்மாறு, நெகட்டிவ் கடைசி. நெகட்டிவ் எங்காவது உலோக உடலோடு தொடர்பில் இருந்தால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் அந்த உலோகத்தில் பட்டதும் நேராக ஷார்ட் ஆகும், அதைத் தவிர்க்கத்தான் இந்த வரிசை. என்னிடம் ஒரு 13 எம்எம் ஸ்பேனர் இருக்கிறது, அதன் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்த அரை நொடியில் இரும்பு உருகிப் போன இடம் அது. அன்றிலிருந்து ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

தட்டும் கட்டும்

பேட்டரி ஒரு தட்டிலோ பெட்டியிலோ உட்கார வேண்டும், அந்தத் தட்டு படகோடு போல்ட்டில் இருக்க வேண்டும், பேட்டரி தட்டோடு ஸ்ட்ராப்பிலோ கம்பியிலோ இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது பலவீனமோ அதுதான் உங்கள் கட்டின் பலம். மர ஸ்க்ரூவின் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பலகையை ஊடுருவிப் போகும் ஸ்டெயின்லெஸ் போல்ட், அடியில் அகலமான வாஷர், தானாகத் தளராத நைலான் நட்டு போடுங்கள். அடிப்பக்கம் கை போகாது என்றால் தரைப் பலகையின் ஒரு துண்டைக் கழற்றி வேலை பாருங்கள், சோம்பல் பார்க்காதீர்கள். துளை போடும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள், ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறியுங்கள். படகின் அடித்தகட்டில் துளை விழுந்தால் அதை அன்றைக்குக் கண்டுபிடிக்க மாட்டீர்கள், தண்ணீரில் இறக்கிய பிறகுதான் தெரியும்.

ஃபைபர் படகில் பலகையை உள்ளே வைத்துப் பூசியிருப்பார்கள், துளைக்குள் எபாக்ஸி பசை தடவி மூடாவிட்டால் அந்தப் பலகை ஊறி அழுகும். அலுமினியப் படகில் பிளாஸ்டிக் தட்டே வைக்க வேண்டும், அமிலம் சிந்தினால் அலுமினியத்தை அரித்துவிடும். செம்பு, பித்தளைத் துண்டுகள் அலுமினியத்தின் மேல் நேரடியாக ஈரத்தோடு கிடக்கக் கூடாது, வெட்டிப் போட்ட ஒயர்த் துணுக்கு ஒன்று போதும், அந்த இடத்தில் குழி விழும். வேலை முடிந்ததும் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். அலுமினிய உடலையே நெகட்டிவ் ஒயராகப் பயன்படுத்தும் யோசனை யாருக்காவது வந்தால் அதை அங்கேயே விட்டுவிடட்டும், உடலே அரித்துப் போகும்.

கட்டு போதுமா என்று எப்படித் தெரியும்? படகு மின்சார வேலைக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சி ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது: 90 பவுண்டு, அதாவது 40 கிலோ போல, விசையில் எந்தப் பக்கம் ஒரு நிமிடம் இழுத்தாலும் பேட்டரி 25 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. காலை ஊன்றி இரு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் ஸ்ட்ராப்பை இறுக்குங்கள், இல்லை தட்டுக்கும் பேட்டரிக்கும் இடையில் ரப்பர் துண்டு திணியுங்கள். டெர்மினலுக்கு மூடி அவசியம்.

கேபிள்: பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

வோல்டேஜ் இழப்புக்கு ஒரு சின்னச் சூத்திரம்: 0.0175-ஐ மொத்தக் கேபிள் நீளத்தால் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, கேபிளின் சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். நீளம் என்றால் போக வர இரண்டும் சேர்த்து. இங்கேதான் பாதிப்பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 55 பவுண்டு தள்ளுவிசை உள்ள 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் மொத்தம் 10 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இழப்பு 0.55 வோல்ட், 25-இல் 0.35, 35-இல் 0.25. முக்கியமான இணைப்புகளுக்கு 3 சதவீதத்துக்குள் இழப்பு இருக்கட்டும் என்பது வழக்கம், 12 வோல்ட்டில் அது 0.36. ஆக ஐந்து மீட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் வேண்டும். பேட்டரி முன்னே வந்து தூரம் இரண்டு மீட்டர் ஆகிவிட்டால் 16 சதுர மில்லிமீட்டரே தாராளம், இழப்பு 0.22 வோல்ட்தான்.

24 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் போகும் சின்னத் துண்டும் மற்றக் கேபிள் அளவுக்கே தடிமனாக இருக்க வேண்டும். இடம் வலம் சமன் செய்ய ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் பிரித்து வைத்தால் அந்தத் துண்டின் நீளத்தையும் கணக்கில் சேருங்கள்.

வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள்தான் படகுக்கு, பூசாதது உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே பச்சையாகி, கறுத்து, தொட்டால் உதிரும். முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளைய முனை) போட்டு, அதற்குரிய கருவியால் அழுத்துங்கள், அதுதான் கிரிம்ப், சுத்தியலால் தட்டுவது கிரிம்ப் ஆகாது. ஈயப் பற்றவைப்பை மட்டும் நம்பி விடாதீர்கள், இணைப்பு சூடானால் அது இளகும். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டுச் சூடு காட்டினால் ஓரத்தில் பசை லேசாக வெளியே பிதுங்கும், அது வந்தால்தான் தண்ணீர் புகாது. கேபிளை ஒவ்வொரு 45 சென்டிமீட்டருக்கும் ஒரு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள், பலகையின் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம். விலாவின் கூர்மையான ஓரத்தில் கேபிள் உரசிக்கொண்டிருந்தால், இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் உறை தேய்ந்து செம்பு வெளியே வரும்.

பியூஸ் அல்லது பிரேக்கர் பாசிட்டிவ் கேபிளில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் வசதியாக இருக்கிறதே என்று அங்கே போட்டால், இடையில் ஷார்ட் ஆகும் கேபிளை எது காப்பாற்றும்? பியூஸ் இருப்பது கேபிளைக் காப்பாற்ற. அதன் அளவு கேபிள் தாங்குவதைத் தாண்டக் கூடாது, மோட்டார் இழுப்பதற்குக் குறைவாகவும் இருக்கக் கூடாது, 50 ஆம்பியர் மோட்டாருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் பொருத்தம். பழைய இடத்தில் பேட்டரியோடு இருந்த பிரேக்கரை அங்கேயே விட்டுவிட்டு பேட்டரி மட்டும் முன்னே வருவது அடிக்கடி நடக்கும் மறதி.

இன்னொரு மறதி பம்ப். தானியங்கி நீர் இறைக்கும் பம்பை நகர்ந்த பேட்டரியோடு இணைத்திருந்தால் அதை ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கு மாற்றிவிடுங்கள், தனி பியூஸ் போட்டு, மெயின் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஓடும்படி. மீன் காட்டியையும் அதே பக்கம் கொடுத்தால் நல்லது, ட்ரோலிங் மோட்டாரோடு ஒரே பேட்டரியில் இருந்தால் திரையில் கோடு கோடாக இரைச்சல் வரும்.

சார்ஜர் படகிலேயே பொருத்தியதாக இருந்தால் அதையும் பேட்டரி போன இடத்துக்குக் கொண்டுபோவதுதான் சுலபம், ஆனால் பேட்டரிக்கு நேர் மேலே மாட்ட வேண்டாம், மேலே எழும் அமில ஆவி அதைத் தின்றுவிடும். சார்ஜரை நகர்த்தாமல் அதன் வெளியீட்டு ஒயரை நீட்டலாமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

முதல் ஓட்டம்

மாட்டி முடித்ததும் சுவிட்ச் போடும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். முழுச் சார்ஜில் ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும், தொடராக இரண்டு என்றால் 25-ஐ ஒட்டி. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறவில்லை என்பதை மோட்டார் முனையில் அளந்து உறுதி செய்த பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும்.

தண்ணீரில் ட்ரோலிங் மோட்டாரை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஓடும்போதே பேட்டரி முனையில் ஒரு அளவு, மோட்டார் பிளக்கில் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் நீங்கள் கணக்குப் போட்டதைவிட மிக அதிகமாக இருந்தால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை. நிறுத்திய உடனே ஒவ்வொரு லக்கையும் விரலால் தொடுங்கள். கேபிள் முழுக்க வெதுவெதுப்பு என்றால் கேபிள் மெலிது, ஒரே ஒரு லக் மட்டும் சுடுகிறது என்றால் அந்தக் கிரிம்ப்தான் திருடன், வெட்டிவிட்டு வேறு போடுங்கள்.

மறுபடி அந்த நாலு டேப் அடையாளத்தில் உயரத்தை அளந்து கேன் சோதனையில் வந்த அளவோடு ஒப்பிடுங்கள், ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பொருந்த வேண்டும். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் இரண்டு விஷயம் மாறியிருக்கும். மோட்டாரின் கோணம் ஒன்று, முன்பு சரியாக இருந்த ஆணித் துளை இப்போது சரியாக இராது, ஒரு துளை வெளியே போட்டுப் பாருங்கள். இன்னொன்று தரைத் தண்ணீர் ஓடும் திசை. ஒரு வாளித் தண்ணீரை அணியத்தில் ஊற்றி, அது பம்ப் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறதா, இல்லை நடுவில் ஏதாவது பலகைக்கு முன்னால் குளம் கட்டி நிற்கிறதா என்று பாருங்கள். குளம் கட்டினால் பேட்டரியை ஒரு சாண் பின்னே இழுக்க வேண்டும், அல்லது பம்ப் அங்கே வர வேண்டும்.

நாலைந்து முறை போய் வந்த பிறகு எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்குங்கள், முதல் சில ஓட்டத்தில்தான் அவை தளரும். ஸ்ட்ராப்பும் நனைந்து காய்ந்து கொஞ்சம் நீண்டிருக்கும்.